சுப்ராவின் 2ஜேஇசட்டா, ஜிடி-ஆரின் ஆர்பி26-ஆ: ட்யூனிங்கை எது அதிகம் தாங்கும்?

தொண்ணூறுகளின் டொயோட்டா சுப்ரா (2ஜேஇசட் எஞ்சின்), நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் (ஆர்பி26 எஞ்சின்) இரண்டில், ட்யூனிங்குக்கு, அதாவது திறனைக் கூட்ட மாற்றியமைப்பதற்கு, எந்த எஞ்சின் வலுவானது என்று கேட்டிருக்கிறீர்கள். என் ஓட்டு சுப்ராவுக்கு.

ஜப்பானில் இரண்டுக்கும் 280 குதிரைத்திறன் என்றுதான் போட்டிருப்பார்கள். அதை நம்ப வேண்டாம். அது அந்நாட்டு நிறுவனங்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்ட வரம்பு. ஏற்றுமதியான சுப்ராவில் சுமார் 320 இருந்தது.

இரண்டுமே ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர், வார்ப்பிரும்பு பிளாக், இரட்டை டர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி). சிலிண்டரின் விட்டமான போர் (bore) அளவுகூட ஒன்றுதான், 86 மி.மீ. ஆனால் பிஸ்டன் நகரும் தூரமான ஸ்ட்ரோக் டொயோட்டாவில் 86, நிசானில் 73.7. அதனால் 2997 சிசிக்கு எதிரே 2568 சிசி. பெரிய டர்போ மாட்டும்போது இந்த 400 சொச்சம் சிசி நன்றாகவே தெரியும்.

ஆர்பி26-இன் பலவீனம் ஆயில். ஆரம்பகால ஆர்32 தலைமுறை ஜிடி-ஆர் கார்களில் ஆயில் பம்பைச் சுழற்றும் கிராங்க் (எஞ்சினின் சுழலும் தண்டு) பகுதி குறுகலானது. அதிக ஆர்பிஎம்மில் (சுழற்சி வேகத்தில்) பம்ப் கியர் உடைந்தால் எஞ்சினே போச்சு. அப்புறம், அதன் டர்போவிலுள்ள செராமிக் டர்பைன் சக்கரம், பூஸ்டை (டர்போ தரும் காற்றழுத்தத்தை) ஏற்றினால் சிதறும் (ஜப்பானிய சுப்ராவிலும் இதே கதைதான்).

ஆனால் சிலிண்டருக்கு ஒன்றாக ஆறு தனித்தனி த்ராட்டில் (காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வு) தரும் சுறுசுறுப்புக்காக நிசானைத் தேர்ந்தெடுப்பவரோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன்.