வீட்டுக் கோழி முட்டைகளை மாதக்கணக்கில் கெடாமல் வைத்திருக்க முடியுமா?

சுண்ணாம்புத் தண்ணீரில் போட்டு வைத்தால் முட்டை ஒரு வருடம் கெடாது என்கிறார்களே, திருநெல்வேலி வெயிலுக்கு அது ஒத்துவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். முறை உண்மையானதுதான். ஆனால் அந்த ஒரு வருடக் கணக்கு நம் ஊருக்குச் செல்லாது. நமக்கு அது தேவையும் இல்லை என்பேன்.

பகல் சுருங்கினால் கோழி முட்டையிடுவது குறைந்துவிடும். குளிர்நாடுகளில் பனிக்காலத்துப் பகல் எட்டு மணி நேரத்துக்கும் கீழே இறங்குவது உண்டு. அதனால் கோடையில் சேர்த்த முட்டையை வைத்துத்தான் அங்கே பனிக்காலத்தை ஓட்டினார்கள். திருநெல்வேலியிலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். நம் நாட்டுக்கோழி அடை கிடக்கும்போதும் இறகு உதிர்க்கும்போதும் ஓய்வெடுக்கும், பிறகு தானே தொடங்கிவிடும்.

நமக்கு முட்டை தேங்குவது விரத நாட்களில். புரட்டாசியில் வீட்டில் யாரும் முட்டையைத் தொடுவதில்லை. கோழிக்குப் புரட்டாசி தெரியாது. கார்த்திகையில் மாலை போட்டால் 41 நாள். ஆக நாம் தாண்ட வேண்டியது ஒன்றரை மாதம்தான். (பக்கத்தில் கிறித்தவர் வீடோ முஸ்லிம் வீடோ இருந்தால் பாதியை அங்கே கொடுத்துவிடலாம். கிறிஸ்துமஸ் கேக்காகவோ நோன்புக் கஞ்சியாகவோ திரும்பி வரும்.)

ஒன்றரை மாதத்துக்குக் குளிர்சாதனப் பெட்டியே போதும், முட்டையைக் கழுவாமல் இருந்தால். முட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. கோழி இடும்போதே அவற்றின் மேல் ஒரு மெல்லிய பூச்சு படிந்து வருகிறது. கழுவினால் அந்தப் பூச்சு போய்விடும், ஈரத்தோடு கிருமியும் உள்ளே போகும். எச்சம் ஒட்டிய முட்டையைச் சேமிப்பில் சேர்க்காமல் அன்றைக்கே சமைத்துவிடுங்கள். முட்டையிடும் கூடையில் வைக்கோலை அடிக்கடி மாற்றினாலே அழுக்கு முட்டை குறையும். கூரான முனை கீழே இருக்கும்படி அடுக்குங்கள், கதவில் வைக்காமல் உள்தட்டில் வையுங்கள். ஒருமுறை குளிரில் வைத்ததை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி உள்ளே வைக்காதீர்கள். ஓடு வியர்க்கும், அந்த ஈரமும் கழுவியதற்குச் சமம்தான். இப்படி வைத்தால் ஐந்து வாரம் வரை தயக்கம் வேண்டாம். அதற்குமேல் ஒவ்வொன்றையும் தனிக் கிண்ணத்தில் உடைத்து முகர்ந்து பார்த்த பிறகு சட்டிக்குப் போகட்டும்.

இனி சுண்ணாம்பு. திசையன்விளை, உடன்குடிப் பக்கம் பனையேறுகிறவர்கள் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவித்தான் பாளையில் கட்டுகிறார்கள். தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். காரம் ஏறிய இடத்தில் நுண்ணுயிர் தழைக்காது. முட்டைக்கும் இதே சங்கதிதான், கூடவே ஓட்டின் துளைகளும் அடைபடுகின்றன. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் அளவு நீர்த்த சுண்ணாம்புத் தூள். அதில் கரைவது சொற்பம், மிச்சம் அடியில் படியும். அது அப்படியே இருக்கட்டும். கல் சுண்ணாம்பானால் முதலில் தனியே நீர்க்கவைத்து நன்றாக ஆறவிட வேண்டும், கொதித்துத் தெறிக்கும், கண் பத்திரம். நிறமோ வாசனையோ சேர்த்த வெற்றிலைச் சுண்ணாம்பும் வெள்ளையடிக்க நீலம் கலந்ததும் ஆகாது. அலுமினியப் பாத்திரத்தைச் சுண்ணாம்பு அரித்துவிடும்; மண்பானை கசியும்; பழைய பீங்கான் ஊறுகாய் ஜாடி சரியாக இருக்கும். முட்டைகள் முழுதும் மூழ்கியிருக்க வேண்டும். விரிசல் விட்ட ஒரு முட்டை போதும், ஜாடி முழுவதும் நாறிவிடும்.

இவ்வளவும் செய்தாலும் ஜாடி குளிர்ச்சியான இடத்தில் இருந்தால்தான் பலன். அக்கினி நட்சத்திரத்தில் நம் அடுக்களை நிலவரம் உங்களுக்குத் தெரியும். சால்மோனெல்லா கிருமி சில முட்டைகளில் இடும்போதே உள்ளே இருக்கும்; வெளியே நிற்கும் சுண்ணாம்பு அதை ஒன்றும் செய்யாது, வெக்கையில் அது பெருகும். இன்னொன்று, சேவலோடு திரியும் கோழியின் முட்டையில் கரு இருக்கும். சுமார் 20 டிகிரிக்கு மேல் போனாலே அது மெல்ல வளரத் தொடங்கும். சேமிக்க நினைத்தால் சேவலைப் பிரித்து அடையுங்கள். பிரித்த பின்னும் இரண்டு மூன்று வாரம் கருமுட்டை வரும் என்பதால் கைப்பேசி விளக்கில் பிடித்துப் பார்த்து, சிவப்பு நரம்போடியதை ஒதுக்கிவிடுங்கள். மின்சாரமே இல்லாமல் மாதக்கணக்கில் என்றால், நம் சமவெளியில் நான் அதற்குத் துணியமாட்டேன்.

கட்டாயம் ஆறு மாதம் வேண்டும் என்பவர்களுக்கு உறைபெட்டி இருக்கிறது. ஓட்டோடு வைத்தால் வெடிக்கும். உடைத்து, ஒரு சிட்டிகை உப்போடு கலக்கி, ஐஸ் தட்டில் ஊற்றி வையுங்கள். முந்தின நாள் இரவே எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்தால் காலையில் இளகியிருக்கும். ஆம்லெட்டுக்கும் முட்டைப் பொரியலுக்கும் குறை சொல்ல முடியாது. அரைவேக்காட்டுக்கு மட்டும் வேண்டாம்.