பிரெஞ்சில் எழுவாயின் பாலுக்கு ஏற்ப வினைச்சொல்லும் மாறுமா?

பெரும்பாலும் மாறாது. 'வந்தான்', 'வந்தாள்' என வினைமுற்றிலேயே பால் காட்டிப் பழகிய நமக்கு இது வியப்பளிக்கலாம்; ஆனால் பிரெஞ்சு வினைமுற்று இடத்தையும் எண்ணையும் மட்டுமே காட்டுவதால், 'இல் பார்ல்' (அவன் பேசுகிறான்), 'எல் பார்ல்' (அவள் பேசுகிறாள்) ஆகிய இரண்டிலும் வினை ஒன்றே.

பால் வெளிப்படுவது, முக்கியமாக, 'எத்ர்' (இருத்தல்) என்னும் துணைவினையைக் கொண்டு இறந்தகாலம் அமைக்கும்போதுதான். 'இல் ஏ மோர்' என்றால் அவன் இறந்தான். 'எல் ஏ மோர்த்' என்றால் அவள் இறந்தாள். இங்கே வேறுபாடு காதில் விழுகிறது. 'அலே' (செல்லுதல்) போன்ற வினைகளிலோ அது ஒலிக்காத ஒரு கூடுதல் எழுத்தாக ஏட்டில் மட்டுமே நிற்கும். சொல்வதெழுதலில் பிரெஞ்சுக்காரர்களே தடுமாறும் இடம் இது.

'அவ்வார்' (கொண்டிருத்தல்) துணைவினையாக வந்தால் எழுவாயின் பால் பொருட்டல்ல. வினைக்கு முன்னால் வரும் செயப்படுபொருளுக்கு ஏற்ப வினை வடிவம் மாறும் என்ற விதியைத் தொடக்கநிலையில் ஒதுக்கிவைக்கலாம்.