வெளிநாட்டில் நடக்கும் சர்வதேச பேஸ்பால் போட்டியில் அம்பயராக நிற்பது எப்படிப்பட்ட அனுபவம்?

பேஸ்பால் பற்றி தமிழில் ஒருவர் கேட்டிருப்பதைப் பார்த்ததுமே பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் உடற்கல்வி ஆசிரியர். பதினைந்து வருடமாக மாவட்ட, மாநிலப் போட்டிகளில் அம்பயராக நிற்கிறேன். நாட்டைத் தாண்டிப் போனது ஒரே ஒரு முறை, ஹாங்காங்கில் நடந்த பெண்களுக்கான ஆசியப் போட்டிக்கு. மாஸ்க், மார்புக் கவசம், இரும்பு முனை வைத்த ஷூ எல்லாம் என் சொந்தக் காசில் வாங்கியவை. அதில் எனக்கு வருத்தம் கிடையாது.

லாம் டின் பகுதியில் சாய் ட்ஸோ வான் என்ற மைதானத்தில் ஆட்டங்கள். முன்பு நகரத்துக் குப்பையைக் கொட்டி நிரப்பிய இடம் அது. மேலே மண் மூடி, 2004-இல் விளையாட்டுத் திடலாகத் திறந்திருக்கிறார்கள். தரை செயற்கைப் புல். நம் ஊர் மண் தரையில் தடுக்கித் தடுக்கி வரும் பந்து அங்கே வழுக்கிக்கொண்டு வரும். புழுக்கம் மட்டும் சென்னையேதான்.

அம்பயருக்குத் தன் நாட்டு அணியின் ஆட்டம் தர மாட்டார்கள். அதனால் இந்தியப் பெண்கள் ஆடியபோது வெளியே உட்கார்ந்துதான் பார்த்தேன். கைதட்டவும் கூடாது.

ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் வேறொன்று. அங்கே என்னைத் திணறடித்தது பந்தின் வேகமோ அந்நிய மொழியோ அல்ல, நான்கு பேர் அம்பயரிங்.

நம் ஊரில் பெரும்பாலான ஆட்டங்களை இரண்டு பேரே நடத்திவிடுவோம். ஒருவர் பேட்டர் நின்று அடிக்கும் பிளேட்டுக்குப் பின்னால், ஒருவர் பேஸ் பக்கம். அடித்தவர் மூன்று பேஸையும் வரிசையாக மிதித்து அந்தப் பிளேட்டுக்கே திரும்பினால்தான் ரன்; அதைத்தான் ஹோம் என்போம். பேஸில் ஆள் இல்லாமல், பேட்டர் அவுட்ஃபீல்டுக்கு அடித்தால், பேஸ் அம்பயர் உள்பக்கம் ஓடிவந்து திரும்பி, அந்த ரன்னரோடு மூன்றாவது பேஸ் வரை கூடவே போக வேண்டும். ஹோமைப் பிளேட் அம்பயர் பார்த்துக்கொள்வார். என் காலுக்குத் தெரிந்தது இது ஒன்றுதான்.

நான்கு பேர் நிற்கும்போது கணக்கே மாறுகிறது. இடதுபக்க அவுட்ஃபீல்டில் சிக்கலான ஒரு பந்து போனால், பிடித்தாரா இல்லையா என்று பார்க்க மூன்றாவது பேஸ் அம்பயர் வெளியே ஓடுவார். காலியான மூன்றாவது பேஸுக்கு பிளேட் அம்பயர் போவார். இரண்டாவது பேஸில் இருப்பவர் அங்கேயே இருப்பார். முதல் பேஸ் அம்பயர், பேட்டர் பேஸை மிதித்ததைப் பார்த்துவிட்டு ஹோமுக்கு ஓட வேண்டும். இதைப் புத்தகத்தில் படித்திருந்தேன், படமும் போட்டுப் பார்த்திருந்தேன்.

எனக்கு முதல் ஆட்டத்தில் முதல் பேஸ். பேஸில் ஆள் இல்லை. இடதுபக்கம் ஓர் அடி. ஃபீல்டர் பாய்ந்தும் கிடைக்காமல் பந்து வேலியை நோக்கி உருண்டது. மற்ற மூன்று பேரும் போக வேண்டிய இடத்துக்குப் போனார்கள். நான் பழக்கப்படி உள்ளே திரும்பி ரன்னரோடு இரண்டாவது பேஸுக்கு ஓடினேன். அங்கே ஏற்கெனவே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஹோமில் யாருமே இல்லை.

அந்தப் பெண் நிற்கவில்லை. மூன்றாவது பேஸைச் சுற்றி ஹோமுக்கே வந்தார். பிளேட் அம்பயர் திரும்பி அவர் பின்னாலேயே ஓடினார். பந்தும் வந்தது, பிளேட்டுக்குப் பின்னால் நிற்கும் கேட்ச்சர் டேக் செய்தார், அதாவது கையிலிருந்த பந்தோடு ரன்னரைத் தொட்டார். அவுட் என்று கை உயர்ந்தது. ரன்னரின் முதுகுக்குப் பின்னால் இருந்துகொண்டு, டேக் முன்பக்கத்தில் பட்டதா இல்லையா என்று யாரால் பார்க்க முடியும்? பயிற்சியாளர் வந்து வாதாடினார், தீர்ப்பு மாறவில்லை. அந்த அணி ஒரு ரன்னில் தோற்றது. ஆட்டம் முடிந்து அவர்கள் வரிசையாக நின்று எங்களுக்கு வணக்கம் சொன்னபோது நான் தலையை நிமிர்த்தவே இல்லை.

அம்பயர்கள் அறையில் எங்கள் குழுத் தலைவர் திட்டவில்லை. மேஜையில் நான்கு பாட்டில் மூடிகளை வைத்து, பந்து இங்கே போனால் நீ எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் மூடியை நகர்த்திக்கொண்டே இருந்தேன். ராத்திரி அறைக்குப் போயும் நாணயங்களை வைத்து அதையே செய்தேன்.

அவர் ஓர் ஆட்டத்தையும் நினைவுபடுத்தினார். 2006 மார்ச் 12, அனஹைம் நகரம், முதல் உலக பேஸ்பால் கிளாசிக்கில் ஜப்பானும் அமெரிக்காவும். எட்டாவது இன்னிங்ஸ், 3-3. மூன்று பேஸிலும் ஆள். ஜப்பானின் இவாமுரா தூக்கி அடித்ததை இடதுபக்க ஃபீல்டர் பிடித்ததும், மூன்றாவது பேஸில் இருந்து நிஷியோகா ஓடி ரன் எடுத்தார். இப்படித் தூக்கி அடித்த பந்து ஃபீல்டர் கையில் படும் வரை ரன்னர் பேஸைத் தொட்டு நின்று, பிறகுதான் கிளம்ப வேண்டும்; இதுதான் டேக் அப். பிடிக்கும் முன்பே கிளம்பிவிட்டார் என்று அமெரிக்கா அப்பீல் செய்தது. பேஸ் அம்பயர் ஒருவர் சேஃப் காட்டிவிட்டார். பிறகு அமெரிக்கப் பயிற்சியாளர் முறையிட, பிளேட் அம்பயர் பாப் டேவிட்சன் அதை அவுட் என்று மாற்றினார். அமெரிக்கா 4-3 என்று ஜெயித்தது. கோப்பையைக் கடைசியில் ஜப்பான்தான் வென்றது என்றாலும் அந்தத் தீர்ப்பைப் பற்றிய பேச்சு இன்னும் ஓயவில்லை. நானும் வீடியோவைப் பலமுறை பார்த்தேன். நிஷியோகா சரியாகத்தான் கிளம்பினார் என்பது என் எண்ணம். ஆனால் தலைவர் சொல்லவந்தது அது இல்லை. அந்தச் சூழலில் மூன்றாவது பேஸ் ரன்னரின் டேக் அப்பைப் பார்ப்பது பிளேட் அம்பயரின் பொறுப்பு. அந்தத் தீர்ப்பு யாருடையது என்பதில் நான்கு பேருக்கும் ஒரே நினைப்பு இருந்திருந்தால், முதல் சேஃபே காட்டப்பட்டிருக்காது. முதல் பந்துக்கு முன்பே நால்வரும் கூடிப் பேசவேண்டியது இதைத்தான் என்றார்.

இரண்டு நாள் கழித்து எனக்குப் பிளேட் கிடைத்தது. பிளேட்டின் அகலம் 43 சென்டிமீட்டர். பேட்டர் அடிக்காமல் விட்ட பந்து அதன் மேலே சரியான உயரத்தில் வந்தால் ஸ்ட்ரைக், விலகிப் போனால் பால். கேட்ச்சருக்கும் பேட்டருக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் தலையை வைத்து, தலை அசையாமல் கண்ணை மட்டும் பந்தோடு கிளவ் வரை கொண்டுபோக வேண்டும். பந்து கிளவில் விழுந்த பிறகு ஒரு மூச்சு விட்டுத்தான் சொல்வேன். அவசரப்பட்டுச் சொன்ன ஸ்ட்ரைக்கை வாபஸ் வாங்க முடியாது. பெண்கள் ஆட்டம் ஏழு இன்னிங்ஸ்தான், ஆனாலும் இருநூறு தடவைக்கு மேல் குனிந்து நிமிர வேண்டியிருக்கும். தொடை அன்று ராத்திரி சொல்லும்.

மொழி ஒரு தடையாகவே இல்லை. இடதுகை விரல் பால், வலதுகை விரல் ஸ்ட்ரைக், எல்லா நாட்டுக்கும் அது புரிகிறது. ஜப்பானில் முன்பு ஸ்ட்ரைக்கை முதலில் சொல்லிப் பிறகுதான் பாலைச் சொல்வார்களாம்; சர்வதேச முறைக்கு மாறிக்கொண்டார்கள். 2008 முதல் பெண்கள் உலகக் கோப்பையை யாருக்கும் விடாத அணி அவர்களுடையது. அந்தப் பெண்கள் தொப்பியைக் கழற்றி, இடுப்பு வளைய அம்பயருக்கு வணங்கிவிட்டுத்தான் ஆட்டத்தைத் தொடங்குவார்கள். அந்த வணக்கத்துக்குத் தகுதியாக நிற்க வேண்டுமே என்ற பயம் எனக்கு ஒவ்வொரு நாளும் இருந்தது.

ஊருக்குத் திரும்பியபின், எங்கள் மாவட்டத்தில் இரண்டே பேர் நின்றாலும் ஆட்டத்துக்கு முன் பத்து நிமிடம் பேசாமல் இறங்குவதில்லை. போன மாதம் புதிதாக வந்த தம்பி ஒருவர் ஷூ லேஸ் கட்டிக்கொண்டே, "சார், மூணாவது பேஸ்ல ரன்னர் இருந்தா டேக் அப் யாருது?" என்று கேட்டார். "இன்னைக்கு பிளேட் நான்தானே தம்பி, என்னுது" என்றேன்.