கேளுங்க சொல்றோம்: மூக்குல தண்ணி ஏறுது, மழையைத்தான் காணோம்!

கேள்வி: பையன் ஆன்லைன்ல ஒரு கண்ணாடி பாரோமீட்டர், அதாங்க காத்தழுத்தம் காட்டற கருவி, வாங்கி ஹால்ல மாட்டியிருக்கானுங்க, பாக்க கெண்டியாட்ட இருக்கு, உள்ள நீலக் கலர் தண்ணி. மூக்குல தண்ணி ஏறுனா மழை வரும்னு சொன்னான். எங்க ஊட்டுல தெனமும் சாயங்காலமானா ஏறிச் சொட்டவே செய்யுது, ஆனா மழை ஒரு பொட்டு இல்ல. காயப்போட்ட மஞ்சளை வேற அள்ளி அள்ளி மூடி வச்சு கை ஓஞ்சு போச்சு. பீஸ் டிபெக்டுங்களா?
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: பீஸ்ல கொறையே இல்லீங்க, வெய்யிலைத்தான் காட்டிட்டு இருக்கு. வயித்துக்குள்ள தண்ணிக்கு மேல கொஞ்சம் காத்து அடைபட்டுக் கெடக்கும், தொறந்திருக்கறது மூக்கு மட்டுந்தான். வெளிக்காத்தோட அழுத்தம் கொறஞ்சா உள்ள இருக்கற காத்து தண்ணிய மூக்குக்குத் தள்ளும், 1 மில்லிபார் கொறஞ்சா சுமாரா 1 சென்டிமீட்டர் ஏறும். ஆனா அந்தக் காத்து சூடானாலும் இதே வேலையத்தான் செய்யும், 1 டிகிரி சூட்டுக்கே 3 சென்டிமீட்டர் வாக்குல தள்ளிரும். பங்குனி மாசம் மேக்குப் பாத்த ஹால்ல மத்தியானத்துக்குள்ள அஞ்சாறு டிகிரி ஏறிப்போகுது, அதுபோக நம்மள மாதிரி வெப்பமான நாட்டுல மழை இருந்தாலும் இல்லாட்டியும் காத்தழுத்தம் காலைல 10 மணி வாக்குல கூடி சாயங்காலம் 4 மணிக்கு 3 மில்லிபார் போல கொறையும், ரெண்டும் சேந்தா சொட்டாம என்ன பண்ணும் சொல்லுங்க!

ஜெர்மன் கவிஞர் கதே பேர்லயே இதைச் சொல்றதுண்டு. அந்தப் பக்கமெல்லாம் புயல் வந்தா அழுத்தம் 20, 30 மில்லிபார் கூட ஆடும், அதனால அங்க எடுபடுது. சித்திரைல நம்ம பக்கம் இடி இடிச்சு ஒரு ஊர்ல கொட்டி அடுத்த ஊரை விட்டுட்டுப் போற மழையெல்லாம் இதுல தெரியாதுங்க. ஐப்பசி கார்த்திகைல வங்கக் கடல்ல தாழ்வு மண்டலம் உருவாகி இந்தப் பக்கம் வந்தா தெரியலாம். பக்கத்துலயே ஒரு தெர்மாமீட்டர் மாட்டி, தெனமும் ஒரே நேரத்துக்குப் பாருங்க, சூடு அதேதான் ஆனா தண்ணி நாளுக்கு நாள் மேல மேல நிக்குதுன்னா அப்ப யோசிக்கலாம். மஞ்சளுக்கு வானத்தைப் பாத்தாலே போதும், அழகுக்கு இது இருந்துட்டுப் போகட்டும், ஆனா அடுப்பு, பிரிட்ஜ், வெய்யில் படற சுவரு இதுகிட்டயெல்லாம் வேண்டாமுங்க.

கேள்வி: எங்க கண்ணாடி பாரோமீட்டர் உள்ள வெள்ளைக் கறை, பச்சையும் புடிச்சிருக்கு. என்ன பண்ண?
- வாசகர், அவிநாசி

பதில்: போர் தண்ணிதான ஊத்துனீங்க! கொஞ்சம் வினிகர் விட்டு ஊறவச்சு நல்லா அலசிட்டு, பேட்டரிக்கு ஊத்தற டிஸ்டில்டு வாட்டரை ஊசி சிரிஞ்சுல மெல்லிசு டியூப் மாட்டி மூக்கு வழியா ஏத்துங்க, பாதி ரொம்புனா போதும். வெய்யில் படாம மாட்டுனா பச்சையும் அவ்வளவா வராது.

கேள்வி: ஊட்டில நாத்தனார் புது வீடு பால் காய்ச்சறாங்க. இந்தக் கண்ணாடி பாரோமீட்டரை இங்கயே ரொப்பி கலர் போட்டுக் குடுக்கலாங்களா?
- வாசகி, மேட்டுப்பாளையம்

பதில்: ஐயோ வேண்டாமுங்க! ஊட்டி 2200 மீட்டருக்கு மேல, மலை ஏற ஏற 200 மில்லிபார் கிட்ட அழுத்தம் கொறையும், கொண்டை ஊசி வளைவு ஒவ்வொண்ணுலயும் மூக்கு வழியா ஒழுகி, கால்வாசித் தண்ணி உங்க பட்டுச்சேலைலதான் இருக்கும். காலியா கொண்டுபோய் அங்க போய் ரொப்புங்க.