சூத்திரம் தெரியும், சோப்புக் கட்டி தெரியாது

கேள்வி: மகன் ஏழாம் வகுப்பு, தமிழ் வழி. அறிவியலில் முப்பதைத் தாண்டுவதில்லை. பள்ளியில் குறைதீர் கற்றலுக்கு (விட்டுப்போன அடிப்படைகளைச் சரிசெய்வதற்கு) என்று ஒரு கட்டகம், அதாவது பயிற்சிப் புத்தகம், கொடுத்திருக்கிறார்கள். முதல் பக்கத்திலிருந்தே தொடங்கட்டுமா?

பதில்: வேண்டாம். முதலில் பாடநூலில் ஒரு பத்தியை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். 'கரைபொருள்' (கரைவது), 'கரைப்பான்' (கரைப்பது) வரும் இடத்தில் எழுத்துக் கூட்டினால், சிக்கல் அறிவியலில் இல்லை, வாசிப்பில். சரளமாக வாசித்துவிட்டு, "சர்க்கரைத் தண்ணீரில் எது கரைப்பான்?" என்றதும் விழித்தால் கருத்து பிடிபடவில்லை. இரண்டும் சரி, கணக்கில் மட்டும் தப்பு என்றால் தசமப் புள்ளியைப் பாருங்கள். இடறுகிற இடம் தெரிந்ததும் கட்டகத்தில் அந்தப் பக்கங்களை மட்டும் எடுங்கள். வாசிப்புதான் தடை என்றால் கட்டகத்தை ஒரு மாதம் மூடி வைத்தாலும் நஷ்டமில்லை. நாளுக்குப் பத்து வரி வாசிக்கட்டும்.

கேள்வி: நான் ஆசிரியை. 'அடர்த்தி = நிறை / பருமன்' வகுப்பில் எல்லாருக்கும் மனப்பாடம். பயிற்சித்தாளைக் கொடுத்தால் பாதிப்பேர் தடுமாறுகிறார்கள். தாள்களைக் கூட்டலாமா?

பதில்: கூட்டினால் அதே தப்பை இன்னும் அதிக முறை செய்வார்கள், டீச்சர். ஒன்று கேட்டுப் பாருங்கள்: சோப்புக் கட்டியைச் சரிபாதியாக வெட்டினால் ஒரு துண்டின் அடர்த்தி என்ன ஆகும்? மாறாது என்பதே விடை, நிறையும் பருமனும் சேர்ந்தே பாதியாகின்றன. ஆனால் 'பாதியாகும்' என்று நிறையக் கைகள் உயரும், சூத்திரம் ஒப்பிக்கிற கைகளும் சேர்த்து. அவர்களுக்கு அடர்த்தி என்பது கனத்துக்கு இன்னொரு பெயர், அவ்வளவுதான்.

ஒரே அளவு டம்ளரில் தண்ணீர், சமையல் எண்ணெய், மணல் மூன்றையும் நிரப்பித் தராசில் வையுங்கள். இடம் ஒன்று, நிறை வேறு என்பது கண்ணில் படும். அப்புறம் எண்ணெயைத் தண்ணீரில் ஊற்றினால் எங்கே நிற்கும் என்று ஊகித்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகே ஊற்ற வேண்டும். கல்லை நூலில் கட்டி அளவுசாடித் தண்ணீரில் இறக்கிப் பருமன் காண்பது அடுத்து. சூத்திரம் கடைசியில் வரட்டும்.

அலகில் ஒரு பள்ளம் உண்டு. 1 கன மீட்டருக்கு எத்தனை கன செ.மீ. என்றால் 100 என்பார்கள். விடை 10,00,000. கரும்பலகையில் எழுதினால் நம்ப மாட்டார்கள். தரையில் மீட்டர் ஸ்கேலால் ஒரு சதுரம் போட்டு, வரிசைக்கு 100, அப்படி 100 வரிசை, அதன்மேல் 100 அடுக்கு என்று எண்ண வையுங்கள். இதற்கு எனக்கு ஒரு பீரியட் முழுசாகப் போகும். வீண் என்று நினைத்ததில்லை.

கேள்வி: ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டைத் தப்பில்லாமல் எழுதுகிற மகள், 'செடி மண்ணிலிருந்து உணவை எடுக்கிறது' என்றும் எழுதுகிறாள். எப்படி?

பதில்: அவள் இரண்டையும் ஒருநாளும் மோதவிட்டுப் பார்க்கவில்லை. 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்ற விஞ்ஞானி செய்த சோதனையைச் சொல்லுங்கள். ஏறத்தாழ 90 கிலோ உலர்மண்ணில், 2 கிலோ சொச்சம் எடையுள்ள வில்லோ கன்றை நட்டு ஐந்து ஆண்டு தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 76 கிலோவைத் தாண்டியது. மண்ணில் குறைந்தது 60 கிராம்கூட இல்லை. அப்படியானால் மரம் எங்கிருந்து வந்தது? முழுக்கத் தண்ணீரிலிருந்து என்று அவர் முடிவு கட்டினார். அவர் எதை விட்டுவிட்டார் என்று மகளே சொல்லட்டும், சமன்பாட்டிலேயே விடை இருக்கிறது. உரத்தைச் 'செடிக்குச் சாப்பாடு' என்று வீட்டில் நாமே சொல்கிறோமே, அதையும் கொஞ்சம் நிறுத்துவோம்.

கேள்வி: தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி செயலியில் பாட வீடியோ காட்டினால் போதாதா?

பதில்: போதாது. பாதியில் நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று கேட்டால் பயன் உண்டு.

கேள்வி: எட்டாம் வகுப்பு மகள் உதவித்தொகைக்கான தேசிய வருவாய் வழித் திறன் தேர்வு எழுதப் போகிறாள். அறிவியலில் அடிப்படை போதாது, ஆறாம் வகுப்பிலிருந்து பார்க்கச் சொல்கிறார்கள். இப்போது போய் ஆறாம் வகுப்புப் பாடமா?

பதில்: அந்தத் தேர்வில் பாடங்களைச் சோதிக்கிற படிப்பறிவுத் தாளில் 90 கேள்விகளில் 35 அறிவியல். அளவீடும் மின்சுற்றும் ஆறாம் வகுப்பில்தான் ஆரம்பம். வாரம் இரண்டு நாள் ஒதுக்கினால் போதும். எந்தப் பாடத்துக்குத் திரும்புவது என்பதைப் பழைய வினாத்தாளில் அவள் தவறவிட்ட கேள்விகளே காட்டிவிடும்.