மாத்திரை போட்டியா?

வணக்கம் சார். அப்பா போன வருஷம் காலமானார். தஞ்சாவூரில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு அதிலிருந்து பிரஷர் கட்டுப்படவில்லை. போன மாதம் 170/100. மூன்று தடவை மாத்திரையை மாற்றிவிட்டார்கள். யாரிடமும் பேசுவதில்லை, ராத்திரி தூக்கமில்லை. கவலையால்தான் ஏறுகிறதா? யோகா, முருங்கைக்கீரை சூப் எல்லாம் சொல்லிப் பார்த்தேன். மனநல டாக்டரிடம் போகலாம் என்றால், 'எனக்கென்ன பைத்தியமா' என்கிறாள். நான் பெங்களூரில் இருக்கிறேன். தினமும் போனில் மாத்திரை போட்டியா என்று கேட்கிறேன். போட்டேன் என்கிறாள்.
எஸ்.

அன்புள்ள எஸ்.,

கவலைப்பட்டால் பிரஷர் ஏறும், உண்மைதான். அட்ரீனலின் சுரக்கும், ரத்தக்குழாய் இறுகும், அப்புறம் இறங்கிவிடும். மாதக்கணக்கில் 170-இல் நிற்க அது மட்டும் காரணமா என்பது எனக்குச் சந்தேகம். முருங்கைக்கீரை நல்ல கீரை, அவ்வளவுதான். உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். போட்டேன் என்கிறார், சரி. நீங்கள் நம்புகிறீர்களா?

கோவில்பட்டியில் என் பெரியம்மா இருந்தாள். பெரியப்பா இருந்தவரை, இட்லி சாப்பிட்டு முடித்ததும் அவரே அட்டையிலிருந்து அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையைப் பிதுக்கித் தண்ணீரோடு நீட்டுவார். அவர் போனபிறகு, ஒருத்திக்காக எதற்கு அடுப்பு என்று காலைப் பலகாரத்தையே நிறுத்திவிட்டாள். சாப்பிட்டபின் போடச் சொன்ன மாத்திரை. சாப்பாடு இல்லை, அதனால் மாத்திரையும் இல்லை. மாதாமாதம் டாக்டரிடம் மட்டும் தவறாமல் போவாள். பிரஷர் ஏறியிருக்கும். அவர் 5 மில்லிகிராமை 10 ஆக்கினார், டெல்மிசார்ட்டன் என்று இன்னொரு பிரஷர் மாத்திரை சேர்த்தார், நீர் பிரிய ஒன்று சேர்த்தார். அவள் எல்லாவற்றையும் வாங்கிவந்து பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் சுருட்டிச் சுருட்டி வைத்தாள். பிறகு மதினி வந்து தங்கினாள். பொறுப்பானவள். மூன்றையும் ஒரே நாளில் ஆரம்பித்துக் கொடுத்தாள். அந்த வாரமே விடிகாலையில் எழுந்த பெரியம்மா கண் இருட்டிக் குளியலறை வாசலில் விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது பிரஷர் 90/60.

எனக்கு இன்னும் ஆறவில்லை. மாத்திரை எழுத ஆள் இருந்தது, வாங்கிக் கொடுக்க ஆள் இருந்தது. சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று கேட்க ஒருவரும் இல்லை. நீங்களும் பெங்களூரிலிருந்து தினமும் ஆஜர் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். 'உள்ளேன் ஐயா' என்கிறார் அம்மா. வேறென்ன சொல்வார்? மனம் சோர்ந்தவர்கள் மாத்திரையை மறக்கிறார்கள் என்றே நினைக்கிறோம். பல நேரம் கண்ணெதிரே இருக்கும், எடுக்கக் கை வராது.

'பைத்தியமா' என்று அம்மா கேட்டதற்குக் கோபப்படாதீர்கள். பிரஷரையும் மனசையும் தனித்தனியாகப் பார்க்கும் டாக்டர்களே உண்டு. ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பவை. பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், சர்ப்பகந்தி என்ற மூலிகையின் வேர் பிரஷரைக் குறைக்கிறது என்று 1949-இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதினார். புத்தி பேதலித்தவர்களுக்கு இந்நாட்டில் கொடுத்துவந்ததும் அதே வேர்தான். அதிலிருந்து பிரித்த ரெசர்பின் பிரஷர் மாத்திரையாக உலகமெல்லாம் போனது. சாப்பிட்டவர்களில் சிலர் மனச்சோர்வில் விழுந்தார்கள் என்று ஐம்பதுகளிலேயே எழுதிவிட்டார்கள். எதிர்த்திசையிலும் உண்டு. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் வென்லாஃபாக்சின் சிலருக்குப் பிரஷரை ஏற்றும். ஆகவே எந்த டாக்டரிடம் போனாலும் எல்லாச் சீட்டையும் காட்டுங்கள்.

யோகாவைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை. செய்தால் செய்யட்டும்.

சனிக்கிழமை பஸ் ஏறுங்கள். போனதும் அலமாரியைக் குடையாதீர்கள். காலையில் கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள், அப்பாவைப் பற்றிப் பேசினால் பேச்சை மாற்றாமல் கேளுங்கள். அப்புறம் சேர்ந்தே டாக்டரிடம் போய், எத்தனை நாள் மாத்திரை உள்ளே போகவில்லை என்பதைச் சொல்லுங்கள். டோஸை அவர் முடிவு செய்யட்டும், விட்டதையெல்லாம் நீங்களாக ஆரம்பித்துவிடாதீர்கள். தூக்கமில்லாததையும் அவரிடமே சொல்லுங்கள். அவர் அனுப்பினால் அம்மா மனநல டாக்டரிடம் போகக்கூடும். அதற்கும் மறுத்தால் 14416-க்குப் பேசலாம், அரசின் இலவச மனநல உதவி எண், தமிழில் பேசுவார்கள். முதலில் நீங்களே பேசிப் பாருங்கள்.