விடை வாசலில் நிற்கிறது

அன்புள்ள ஐயா,

பெரிய விற்பனைப் பட்டியலை வரிசைப்படுத்தும் வேலையை, பிரவுசரின் பின்னணியில் தனியே ஓடும் நிரலான ஒரு வெப் வொர்க்கரிடம் கொடுத்திருக்கிறேன். முடித்ததும் அது போஸ்ட்மெசேஜ் மூலம் விடை அனுப்பும். வலைப்பக்கத்தில், செய்தி வந்தால் ஓடும் ஆன்மெசேஜ் எழுதி, விடை வந்ததும் ஒரு மாறியை ட்ரூ ஆக்குகிறேன். அது மாறும்வரை, திரும்பத் திரும்பச் சுற்றும் வைல் லூப்பில் காத்திருக்கிறேன். பக்கம் உறைந்துவிடுகிறது. ஆன்மெசேஜுக்குப் பதிலாக ஆட்ஈவென்ட்லிசனர் போட வேண்டுமா? திரும்பி வரும் பொருள்களில் என் கிளாஸில் எழுதிய செயல்களான மெத்தட்கள் காணாமல் போகும் என்கிறார்களே, உண்மையா? நிரலை இணைத்திருக்கிறேன்.

ச.

அன்புள்ள ச.,

இரண்டில் எதை வேண்டுமானாலும் போடுங்கள். மெத்தட்கள் போகத்தான் போகும். நகலாகி வருவது தரவு மட்டுமே.

என்னை எழுத உட்கார வைத்தது அந்த வைல் லூப். வொர்க்கர் தனி த்ரெட்டில், அதாவது தனி வேலை ஓட்டத்தில், ஓடுகிறது. அது அனுப்பும் விடை உங்கள் நிரலின் நடுவே பாய்ந்து நுழையாது. பக்கத்தை ஓட்டும் மெயின் த்ரெட்டின் வரிசையில் போய் நிற்கும். மெயின் த்ரெட் கையிலிருக்கும் வேலையை முழுதாக முடித்த பிறகே அடுத்ததை எடுக்கும். லூப் முடிய மாறி மாற வேண்டும். மாறி மாற ஆன்மெசேஜ் ஓட வேண்டும். ஆன்மெசேஜ் ஓட லூப் முடிய வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதை இதுதான். விடை வாசலில் நிற்கிறது. கதவை அடைத்துக்கொண்டு ‘இன்னும் வரவில்லையே’ என்று புலம்புகிறவர் நீங்கள்.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் இருந்தார். சி மொழியில் ஊறியவர். கேட்டால் அடுத்த வரியிலேயே விடை இருக்க வேண்டும் அவருக்கு. சர்வரிடம் கேட்பதற்கும், பதில் வரும்வரை பக்கத்தையே நிறுத்திவைக்கும் சிங்க்ரனஸ் முறையைத்தான் எழுதுவார். கவுன்டரில் இருந்த பெண்கள் செத்துக்கிடக்கும் திரையில் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்துவார்கள். ‘பொறுமை இல்லை இவர்களுக்கு’ என்பார். பொறுமை இல்லாதவர் யார்? அச்சடித்த நிரலில் பென்சிலை வைத்து வரி வரியாகப் படிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. அவர்மேல் அன்பு குறையவில்லை. அந்தப் பிடிவாதத்தை மட்டும் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை, உங்கள் நிரலில் அது மறுபிறவி எடுத்திருக்கிறது.

த்ரெட்டைத் தூங்கவைத்துக் காக்கச் செய்யும் அட்டாமிக்ஸ் வெயிட் இருக்கிறதே என்று அடுத்த கடிதம் போடாதீர்கள். வொர்க்கருக்குள் அதைப் போட்டுத் தாராளமாகத் தூங்கலாம். மெயின் த்ரெட்டில் அழைத்தால் பிரவுசர் டைப்எரர் என்ற பிழையை வீசும். சரியாகத்தான் செய்கிறது. கிளிக்கையும் ஸ்க்ரோலையும் கவனிக்க வேண்டிய த்ரெட் அது. அதற்குத் தூக்கம் எதற்கு?

லூப்பை அழியுங்கள். விடை வந்த பிறகு செய்ய வேண்டியதை ஆன்மெசேஜுக்குள் எழுதுங்கள், அல்லது பின்னால் வரப்போகும் விடையைக் குறிக்கும் ப்ராமிஸில் சுற்றி அவெய்ட் போடுங்கள். அது பக்கத்தை நிறுத்தாமல் காத்திருக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட வேலை அனுப்புவதானால், எந்த விடை எதற்கு என்று தெரிய ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, அதே எண்ணை விடையோடு திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் அனுப்பிய நிரலில், பிழை நேர்ந்தால் ஓடும் ஆன்எரர் எங்கேயும் காணவில்லை. வொர்க்கர் பாதியில் விழுந்தால் யார் வந்து சொல்வார்கள் என்று நினைத்தீர்கள்?